வேலையை விடச் சொன்ன குரல்

ஓரகத்தி அன்று கதவைத் தட்டவில்லை. நேராகச் சமையலறைக்கு வந்தாள், கைப்பேசியை மேசைமேல் வைத்தாள், எதையோ தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கைப்பேசியிலிருந்து ஒரு பெண்குரல் பேசியது. அவசரமில்லாத குரல். பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்துச் சொல்வதுபோன்ற குரல்.

"கதவு பூட்டியிருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னது? ஒரு தடவையாவது... தள்ளிப் பார்த்தீர்களா?"

"இது யாரு அக்கா?" என்றாள் ஓரகத்தி.

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நான்தான். ஏன், என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? உங்க கொழுந்தன் இன்னைக்குக் காலையில வேலைய வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. என்னய்யா இப்படிப் பண்ணிட்டியேன்னு கேட்டா, 'அண்ணிதான் சொன்னாங்க'ங்கறாரு."

"நானா? நான் எப்பச் சொன்னேன்?"

"இதோ, இப்பக்கூடச் சொன்னீங்களே!"

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் பக்கத்தைத் திருப்புவதை நிறுத்தினார். வெங்காயத்தாலா வேறு எதனாலா என்று தெரியாமல் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

தெருவில் எல்லாருக்கும் அவள் ரேடியோ. சின்ன வயதில் ஓயாமல் பேசியதால் ஒட்டிக்கொண்ட பெயர். பிறகு குரலே பிழைப்பானபோது அந்தப் பெயரில் இருந்த கிண்டல் தேய்ந்து, வெறும் பெயராகிவிட்டது. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாதவள். போனில் பேச ஆரம்பித்தால் வீட்டை நாலு சுற்றுச் சுற்றிவிடுவாள். டீயை நின்றுகொண்டுதான் குடிப்பாள். படம் பார்க்கப் போனால் இடைவேளைக்கு முன்பே இரண்டு முறை எழுந்து வெளியே போய்விட்டு வருவாள். "உன் கால்ல என்ன சக்கரமா கட்டியிருக்கு?" என்று கல்யாணமான புதிதில் கணவர் கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

அப்படிப்பட்டவளுக்கு வாழ்க்கை முழுவதும் வாய்த்தது என்னவோ உட்கார்ந்து பார்க்கும் வேலைதான். முதலில் நாலு மாடிக் கடை ஒன்றில் அறிவிப்பாளர். கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு மைக், ஒரு நாற்காலி. "மஞ்சள் சட்டை அணிந்த நான்கு வயதுக் குழந்தை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது" என்று அவள் சொன்னால், குழந்தையைத் தொலைக்காதவர்கள்கூட ஒரு கணம் பக்கத்தில் பார்த்துக்கொள்வார்கள். ஒருநாள் ஒரு பதிப்பகத்தின் மேலாளர் அம்மாள் தொலைத்த குடையை அறிவிக்கச் சொல்லி வந்தார். குடை கிடைக்கவில்லை. ஆனால் அந்தம்மாள் போகும்போது ரேடியோவைக் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

பதிப்பகம் அப்போது புத்தகங்களை ஒலியாக வெளியிட ஆரம்பித்திருந்தது. கதை, கவிதை என்று எதை எதையோ போட்டுப் பார்த்தார்கள். போட்டதில் ஓடியது முன்னேற்றப் புத்தகங்கள் மட்டும்தான். தலைவனாவது எப்படி, தயக்கத்தை உதறுவது எப்படி, விடியுமுன் எழுவது எப்படி, வேண்டாம் என்று சொல்வது எப்படி. மாதாமாதம் 'நீங்கள் தவறவிடக் கூடாதவை' என்று ஒரு பரிந்துரைப் பட்டியல் வெளியாகும். அதில் பாதிக்கு மேல் ரேடியோவின் குரல்.

ஒலிப்பதிவு அறை குளியலறையைவிடக் கொஞ்சம் பெரியது. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். சத்தம் வரும் என்பதால் மின்விசிறி கிடையாது. வளையல் கூடாது, கஞ்சி போட்ட துணி கூடாது. பசித்த வயிறு உறுமினால் அதுவும் பதிவாகிவிடும் என்பதால் உள்ளே போகுமுன் நாலு பிஸ்கட் தின்றாக வேண்டும். வாய் ஒட்டாமல் இருக்க நடுநடுவே ஆப்பிள் துண்டு. கண்ணாடிக்கு அந்தப்புறம் ஒலிப்பதிவாளர், கழுத்துவலிக்குப் பட்டை போட்டுக்கொண்டு, எந்நேரமும் குனிந்தே இருப்பார். தலையைத் தூக்காமலே சொல்வார்: "மேடம், கால ஆட்டுறீங்க." அங்கே அசையாமல் உட்கார்ந்து, மனதை ஒருநிலைப்படுத்துவது எப்படி என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் பேருந்து நிறுத்தம் வரை ஓட்டமும் நடையுமாகப் போவாள்.

ஒரு விஷயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. படிக்கும்போது அவள் அதையெல்லாம் நம்பினாள். வெளியே வந்த பிறகும் ஒரு வாரம் நம்பினாள். வீட்டைப் பார்த்தே எந்தப் புத்தகம் ஓடுகிறது என்று கணவர் கண்டுபிடித்துவிடுவார். அலமாரியில் இருந்ததெல்லாம் தரையில் கிடந்தால் ஒழுங்கு பற்றிய புத்தகம். "உங்க கருத்தை நான் மதிக்கிறேன்" என்று ஆரம்பித்துச் சண்டை போட்டால் தலைமைப் பண்பு. ஒரு மாதம் நீச்சல் வகுப்புக்குப் போனாள், அடுத்த மாதம் வேற்றுமொழி கற்றாள், அதற்கடுத்த மாதம் நீச்சலுடையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்தக் 'கதவு' வரி பதிவான நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. திரும்பத் திரும்பப் படித்தும் ஒலிப்பதிவாளருக்குத் திருப்தியில்லை. "மேடம், தொலைஞ்ச கொழந்தைய அறிவிக்கிற மாதிரியே இருக்கு. கேக்குறவனுக்குச் சுருக்குன்னு தைக்க வேணாமா?" என்றார்.

ரேடியோ கண்ணை மூடினாள். கடையின் கண்ணாடிப் பெட்டி ஞாபகம் வந்தது. ஒரு சமயம் தள மேலாளர் பதவி காலியாக இருந்தது. எல்லாரும் அவளைத்தான் கேட்கச் சொன்னார்கள். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். கடைசியில் அவளுக்குப் பிறகு சேர்ந்தவன் ஒருவன் போய்க் கேட்டான், கிடைத்தது. மறுநாளிலிருந்து "தள மேலாளர் சார் முதல் மாடிக்கு வரவும்" என்று அவனை அவள்தான் மைக்கில் கூப்பிட வேண்டியிருந்தது. அதை நினைத்துக்கொண்டு, தன்னையே கேட்பதுபோல் கேட்டாள். தள்ளிப் பார்த்தீர்களா? 'தள்ளி'க்கு முன்னால் ஒரு மூச்சு இடைவெளி தானாக விழுந்தது. ஒலிப்பதிவாளர் முதல் தடவையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

எழுதியவர் எங்கோ உட்கார்ந்து எழுதிய வரிதான். ஆனால் அதில் இருந்த சூடு ரேடியோவுடையது. கொழுந்தனைச் சுட்டது அந்தச் சூடுதான் என்பது ஓரகத்தி போன பிறகு அவளுக்கு உறைத்தது. அதற்கப்புறம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மறுநாளே கொழுந்தனைப் பார்க்கக் கிளம்பினாள். அவன் குடிநீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர். வேலையை விடுமுன் ஒரு மாதம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதால் இன்னும் போய்வந்துகொண்டிருந்தான். நீரேற்று நிலையத்தில் நாலு மோட்டார்கள் இரைந்துகொண்டிருந்தன. அவன் ஒரு இரும்பு மேசைக்குப் பின்னால், காதில் செருகிய இயர்போனோடு உட்கார்ந்திருந்தான். அண்ணியைப் பார்த்ததும் எழுந்து, தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"தம்பி, நீ பண்ணினது உனக்கே நல்லா இருக்கா?" என்று கத்தினாள். மோட்டார் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும்.

"நல்லா இருக்கு அண்ணி!" என்று அவனும் கத்தினான்.

"அது நான் சொன்னது இல்லப்பா. புத்தகம் எழுதினவரு சொன்னது. நான் வாசிக்கிறவ, அவ்வளவுதான்."

"எழுதினவரு யாருன்னு எனக்கு என்ன தெரியும்? எனக்கு உங்களத் தெரியும். அண்ணி இவ்வளவு அழுத்திச் சொல்றாங்கன்னா காரணம் இல்லாம இருக்காதுன்னு தோணுச்சு."

அவள் மேசையைச் சுற்றி நடந்தாள். அவன் சுவரில் இருந்த அழுத்தமானியைக் காட்டினான். வட்ட முகம், சிவப்புக் கோடு, ஒரு முள்.

"இந்த முள்ளப் பாருங்க. வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து இதே எடத்துல நிக்குது. இது அசையாம இருந்தாத்தான் எனக்குச் சம்பளம். அசைஞ்சா எல்லாரும் ஓடி வருவாங்க, திரும்ப நிக்க வெப்பாங்க, போயிருவாங்க. நானும் இதப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணும். உங்களால முடியுமா அண்ணி? உண்மையச் சொல்லுங்க."

முடியாது. ஒரு நாள்கூட முடியாது. திட்ட வந்தவளுக்கு உள்ளுக்குள் மனம் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது தெரிந்தது. அதுதான் அவளை இன்னும் கலவரப்படுத்தியது.

"சரி, விட்டுட்டு என்ன பண்ணப் போற?"

"சோபா, மெத்தை எல்லாம் வீட்டுக்கே போய்ச் சுத்தம் பண்ணித் தர்ற தொழில். மெஷின் பாத்து வெச்சிருக்கேன். யாரும் பண்ணாத வேலை அண்ணி!"

"உனக்கு அதப் பத்தி என்ன தெரியும்?"

"தண்ணி தெரியும்," என்றான் அவன், பெருமையாக.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் ரேடியோ குட்டி போட்ட பூனைபோல் அலைந்தாள். ஒலிப்பதிவு அறையில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது முடிவெடுப்பது பற்றிய புத்தகம். 'துணிந்து' என்ற சொல் வரும் இடமெல்லாம் நாக்குப் புரண்டது. 'துணித்து' என்றாள், 'துவைத்து' என்றாள். "துவைத்து முடிவெடுங்கள்" என்று பதிவானதைக் கேட்டு ஒலிப்பதிவாளர் சிரிக்கக்கூட முடியாமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

அவள் அவரிடம் மெதுவாகக் கேட்டாள்: "அந்தக் கதவு வரிய மட்டும் எடுத்துட்டு, சாதாரணமாப் படிச்சுத் திரும்பப் போட முடியுமா?"

"எதுக்கு மேடம்? அந்த ஒரு வரிய வெட்டி எடுத்து ஊரே போன்ல அனுப்பிக்கிட்டு இருக்கு. அதுல கைய வெச்சா மேலாளர் அம்மா என் கழுத்த மிச்சம் வெப்பாங்களா?"

ஊரே அனுப்பிக்கொண்டிருக்கிறது என்றால், எத்தனை பேர் வேலையை விட்டிருப்பார்கள்? அந்தக் கேள்வி மண்டைக்குள் புகுந்ததிலிருந்து அவள் தெருவில் போகிற வருகிறவர்களின் காதுகளையே பார்த்தாள். ஒருநாள் பேருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணின் காதிலிருந்து தன் குரல் கசிவதைக் கேட்டாள். வார்த்தை புரியவில்லை, ஆனால் தன் குரல் தனக்குத் தெரியாதா? அந்தப் பெண் கண்ணை மூடியிருந்தாள். பெரிய முடிவு எதையோ எடுத்துக்கொண்டிருப்பதுபோல் ரேடியோவுக்குப் பட்டது. இரண்டு நிறுத்தம் பல்லைக் கடித்துப் பார்த்தாள். மூன்றாவதில் முடியவில்லை. தோளைத் தொட்டாள்.

"இங்க பாரும்மா. அதக் கேட்டுட்டு உடனே எதுவும் பண்ணிராத. வீட்டுல நாலு பேரக் கலந்துக்க."

அந்தப் பெண் ஒரு காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு விழித்தாள். "எதக் கேட்டுட்டு ஆன்ட்டி?"

"இப்பக் கேக்குறியே, அத."

"இதுவா? இது தூக்கம் வர்றதுக்குக் கேக்குறது ஆன்ட்டி. இந்தம்மா பேச ஆரம்பிச்சா எனக்கு அஞ்சே நிமிஷத்துல கண்ணு சொருகிடும்." மறுபடி காதில் செருகிக்கொண்டு கண்ணை மூடினாள்.

ரேடியோவுக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் சுருக்கென்று இருந்தது. நிறுத்தம் வருமுன்பே எழுந்து வாசலருகே போய் நின்றுகொண்டாள்.

கொழுந்தன் மெஷினை வாங்கிவிட்டான். தோளில் மாட்டும் குழாயும் சக்கரம் வைத்த தொட்டியுமாக, யானைக்குட்டி மாதிரி இருந்தது. முதல் சோபா அண்ணி வீட்டுச் சோபாதான். அவன் சொன்னதுபோல் அவனுக்குத் தண்ணீர் தெரிந்தது. எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை. சோபா குளித்து எழுந்ததுபோல் சொட்டியது. மாலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வேலை முடிந்து வந்த கணவர் வழக்கம்போல் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே, "இந்த வாரம் என்ன புத்தகம்?" என்றார். எழுந்தபோது பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அந்த ஈரம் காய்வதற்குள் வீடு முழுக்க நாய் நனைந்த வாடை.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். மூன்றாவதோ நாலாவதோ வாடிக்கையாளர் வீட்டில் வெள்ளைச் சோபாவின் மேல் கிடந்த சிவப்பு உறையின் சாயம் இறங்கி, சோபா முழுக்க ரோஜா நிறமாகிவிட்டது. வீட்டுக்காரம்மாள் போட்ட சத்தத்தில் கொழுந்தன் மெஷினை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டான். அதன்பின் போனை எடுப்பதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

ரேடியோ போய்க் கூப்பிட்டாள். "தம்பி, எழுந்திரு. தோல்விங்கிறது..." என்று ஆரம்பித்தவள் தன் குரலைத் தானே கேட்டு வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் நின்றிருந்த ஓரகத்தி அவளை ஒரு பார்வை பார்த்தாள். எரித்துவிடும் பார்வை.

கடைசியில் மூன்று பேரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். மன்னிப்புக் கேட்பது தன் பொறுப்பு என்று ரேடியோ வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். கோபமாக இருப்பவரிடம் பேசுவது எப்படி என்று ஒரு அத்தியாயமே அவளுக்கு மனப்பாடம். வீட்டுக்காரம்மாள் கதவைத் திறந்ததும் தொடங்கினாள்: "உங்க மனநிலை எங்களுக்குப் புரியுது. உங்க எடத்துல நாங்க இருந்திருந்தா..."

"ஏம்மா, நீங்க என்ன எனக்குப் பாடம் எடுக்க வந்தீங்களா?" என்றார் அந்தம்மாள். "உங்க குரல வேற எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு. அதுக்கே எரிச்சலா வருது."

ஓரகத்தி முன்னால் வந்தாள். அவள் பள்ளிப் பேருந்தில் உதவியாளர். ஒரு பேருந்து நிறையக் குழந்தைகளைக் குரல் உயர்த்தாமல் உட்காரவைப்பவள். புத்தகம் என்றால் பிள்ளைகளுடைய பாடப் புத்தகம் தவிர வேறு தொட்டதில்லை.

"அம்மா, தப்பு எங்க மேல. பணம் வேணாம். இவரு இன்னொரு தடவ பண்ணுவாரு, நான் பக்கத்துல நின்னு பாத்துக்குறேன். அப்பவும் சாயம் போகலேன்னா எங்க வீட்டுச் சோபாவத் தூக்கிட்டு வந்து இங்க போட்டுட்டுப் போறேன். எங்க சோபா பச்சை. உங்களுக்குப் பிடிக்குமான்னு தெரியல."

அந்தம்மாள் சிரித்துவிட்டார்.

அன்று முழுவதும் ஓரகத்தி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "தண்ணியக் கொற." "அந்த மூலையில இன்னொரு தடவ." "போதும், துடை." கொழுந்தன் சொன்னதைச் செய்தான். ரேடியோவுக்கு ஒரு வேலையும் இல்லை. வாளி மாற்றினாள், துணி பிழிந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். சாயம் முக்கால்வாசி போனது. மிச்சத்துக்கு அந்தம்மாளே ஒரு குஷனை வைத்து மறைத்துக்கொண்டார். திரும்பும் வழியில் ஓரகத்தி தன் கணவனிடம், "நாளைக்கு ஸ்கூல் பஸ் விட்டதும் நானும் வர்றேன். நான் இல்லாம யாரு வீட்டுக்கும் போகாத" என்றாள். ரேடியோ பக்கம் திரும்பவே இல்லை.

அந்த வாரம்தான் மேலாளர் அம்மாள் கூப்பிட்டனுப்பினார். கதவு வரி எழுதிய அதே ஆசிரியரின் புதுப் புத்தகம். மேலாளர் முகம் பூரித்திருந்தது. "இதுல ஒரு அத்தியாயம் முழுக்க உங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு. படிங்க."

ரேடியோ நின்றுகொண்டே படித்தாள். கடலில் குதித்தவனுக்குத்தான் நீச்சல் வரும், கரையில் நிற்பவனுக்கு வயதுதான் ஏறும் என்ற பாணியில் போயிற்று. நன்றாகத்தான் எழுதியிருந்தார். படிக்கும்போதே உடம்பு சூடேறியது. அதுதான் பயமாக இருந்தது.

"நான் இதப் படிக்கல மேடம்."

"என்ன?"

"இது எனக்கு வேணாம்."

வேண்டாம் என்று சொல்வது எப்படி என்று ஒரு புத்தகமே படித்துப் பதிவு செய்தவள்தான். ஆனால் அதில் சொல்லியிருந்தபடி புன்னகையோடு, காரணத்தோடு, நன்றியோடு ஒன்றும் வரவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். தெருமுனை திரும்பிய பிறகுதான் ஆப்பிள் டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.

அதற்குப் பிறகு பதிப்பகத்திலிருந்து அழைப்பு வரவில்லை. புதுப் புத்தகம் ஓர் இளைஞனின் குரலில் வெளிவந்தது, நன்றாகவே ஓடியது. தான் படிக்காவிட்டால் உலகம் நின்றுவிடும் என்று எங்கோ மூலையில் நினைத்திருந்தாள் போலிருக்கிறது. அது இல்லை என்று ஆனதும் வீட்டில் கால் தரிக்கவில்லை. துவைத்ததைத் துவைத்தாள். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினாள், மறுநாள் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள்.

பொறுமைக்குப் பேர்போன கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய் திறந்தார். "கொஞ்சம் உக்காரேன். உன்னப் பாத்துப் பாத்து எனக்குத் தலை சுத்துது."

"எப்படிங்க உக்கார்றது? என்னால ஒருத்தன் வேலை போச்சு."

"போகல. அவனா விட்டான். நான் கடையில லென்ஸ் தேச்சுக் கண்ணாடி மாட்டித் தர்றேன். அதப் போட்டுக்கிட்டு அவங்க எங்க போறாங்கன்னு பின்னாடியே போறேனா?"

"நீங்க அவங்கவங்க கண்ணப் பாத்து, அளவெடுத்துத் தர்றீங்க. நான் ஊருக்கெல்லாம் ஒரே நம்பர் கண்ணாடியில்ல மாட்டி விடுறேன்? ஒருத்தனுக்குத் தெளிவாத் தெரியும். இன்னொருத்தன் பள்ளத்துல போய் விழுவான்."

கணவர் பேப்பரை மடித்தார். "அப்ப மாட்டி விடுறதுக்கு முன்னாடி நீயாவது ஒரு தடவ போட்டுப் பாரு" என்றார். "நடந்துக்கிட்டே வேணாலும் பாரு."

அந்த இளைஞனுக்குத் தொண்டை கட்டிக்கொண்ட ஒரு வாரத்தில் மேலாளர் அம்மாள் போன் செய்தார். பழையதைப் பற்றி இருவரும் பேசவில்லை. ரேடியோ ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: புத்தகத்தை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்ப வேண்டும், முழுதும் படித்துவிட்டு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். "சரி சரி, முதல்ல வாங்க. ஸ்டுடியோ சும்மா கெடக்கு" என்றார் மேலாளர். அன்றிலிருந்து கையில் புத்தகத்தோடு தெருவில் மேலும் கீழும் நடந்து படிப்பாள். சிலதைத் திருப்பி அனுப்பினாள். திருப்பி அனுப்பியதற்காக ஒரு மாதம் வேலையில்லாமல் தவித்ததும் உண்டு. எல்லாம் சரியாகிவிட்டது என்று அவளால் சொல்ல முடியாது. நல்ல வாக்கியம் ஒன்று வந்தால் இன்றைக்கும் உடம்பு சூடேறும், இன்றைக்கும் ஒலிப்பதிவாளர் "கால ஆட்டுறீங்க" என்பார்.

கொழுந்தனின் தொழில் விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, இப்போது ஒரு பழைய வேனும் இரண்டு வேலையாட்களுமாக ஓடுகிறது. ஓரகத்தி பேருந்து வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதிலேயே இருக்கிறாள். அவள் சொல்கிறாள், மற்ற மூன்று பேரும் செய்கிறார்கள். கொழுந்தனுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஒரு நாளைக்கு நாலு வீடு, நாலு விதமான சோபா. முகம் தெளிந்திருக்கிறான். ஆனால் வேன் பழுதாகி நிற்கும் நாட்களில் ஓரகத்தி எல்லார் முன்னாலும், "எல்லாம் நம்ம அக்கா குரலால வந்த வினை" என்பாள். அது பாதி விளையாட்டு. மீதிப் பாதி எது என்று ரேடியோவுக்குத் தெரியும்.

போன மாதம் அதே ஓரகத்தி போன் செய்தாள். குரலில் ஒரு தயக்கம்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். வேலைக்கு வர்ற ரெண்டு பேரும் ரொம்ப மந்தமா இருக்காங்க. சொன்னாத்தான் செய்றாங்க. கொஞ்சம் சுறுசுறுப்பு வர்ற மாதிரி, பொறுப்பு வர்ற மாதிரி, நல்ல புத்தகம் ஏதாவது இருந்தாச் சொல்லுங்களேன்."

ரேடியோ போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்ற ஆரம்பித்தாள். "நீயா கேக்குற?"

"நான்தான். வேற யாரக் கேக்குறது?"

இரண்டு நாள் அலமாரியைக் குடைந்தாள். ஒன்றை எடுத்தாள், அதில் கடைசி அத்தியாயம் சரியில்லை என்று வைத்தாள். இன்னொன்றில் அதிகாலையில் எழுந்து குளிர்ந்த நீரில் குளிக்கச் சொல்லியிருந்தது. மூன்றாவதைப் பையில் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தாள். கடைசியில், மற்றவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது பற்றி யாரோ எழுதிய மெலிந்த புத்தகம் ஒன்று அகப்பட்டது. பதிவாகி வெளிவந்தும் யாரும் சீண்டாத புத்தகம். முதலாளிக்கும் வேலையாளுக்கும் இடையில் நடக்கும் பேச்சைப் பற்றித்தான் பெரும்பாலும். அதில் யாரையும் குதிக்கச் சொல்லவில்லை. இதனால் ஒரு கெடுதலும் வராது என்று கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து ஓரகத்தியின் குரல் போனில் இடித்தது. "என்ன அக்கா புத்தகம் குடுத்தீங்க? நான் படிச்சா மூணாவது பக்கத்துலேயே கொட்டாவி வருது. ஆனா நம்ம ஆளுங்கள்ல பெரியவன் முழுசாப் படிச்சுட்டான். படிச்சுட்டு இன்னைக்குக் காலையில வந்து, 'நீங்க பேசுறத நாங்க கேக்குறோம்ல, நாங்க ஒண்ணு சொல்றதயும் கேளுங்க'ன்னு நிக்குறான். ஞாயித்துக்கிழமை லீவு வேணுமாம். ரெண்டு பேருக்கும்."

வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்த ரேடியோ நின்றுவிட்டாள். "நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? அவன் கேட்டது நியாயமாத்தான் இருந்துச்சு. குடுத்துட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா இப்ப சின்னவன் அதப் படிக்க ஆரம்பிச்சிருக்கான். அவன் முடிக்கிறதுக்குள்ள வந்து எடுத்துட்டுப் போயிருங்க அக்கா."

"வர்றேன், வர்றேன்" என்றாள் ரேடியோ. சொல்லும்போதே அவள் வாசலைத் தாண்டியிருந்தாள். வேகமாக நடந்தாள். தெருமுனைக்கு வந்ததும் நடையைக் கொஞ்சம் குறைத்தாள். சின்னவன் மெதுவாகப் படிப்பவனாக இருந்தால், அவன் முடிக்கிறவரை எங்கேயாவது நின்று ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாமா என்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது.